கல்குவாரி அறிக்கையில் ஏறுவது யார் சொல்? மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவினர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு உங்களிடம் வரும் கோப்பில் இரண்டு தரப்புப் பேச்சு இருக்கிறது. ஒன்று, ஆலோசனை நிறுவனம் எழுதிய தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அட்டவணை, வரைபடம், ஆய்வக முத்திரை எல்லாம் அதில் உண்டு. மற்றது, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் பதிவு. கிணறு வற்றியது, சுவர் விரிசல் விட்டது, மல்லிகைச் செடியில் தூசி படிந்து பூ கருகியது என்று ஊர்க்காரர்கள் சொன்னவை அதில் இருக்கும். முதலாவதற்குக் கோப்பில் ‘தரவு’ என்று பெயர். இரண்டாவதற்கு ‘ஆட்சேபணை’ என்று பெயர். தரவு குவாரிக்காரரின் பணத்தில் உருவானது. ஆட்சேபணை, ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சொன்னது. இரண்டும் மோதும்போது தரவுதான் உண்மையாக ஏற்கப்படுகிறது. அந்தத் தரவு எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது, அதைச் சரிசெய்ய உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்லவே இந்த மடல்.

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அறிக்கையைத் தயாரிக்க வேண்டியவர் திட்ட உரிமையாளர். ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான், காசு கொடுப்பவரும் அவர்தான். நிறுவனத்துக்கு நாபெட் என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பது பின்னால் வந்த விதி. அங்கீகாரம் திறமையைத்தான் பார்க்கும். யார் சம்பளம் தருகிறார் என்பதை மாற்றாது. கடைசித் தவணை அனுமதி கைக்கு வந்த பிறகு என்று ஒப்பந்தம் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அனுமதி கிடைக்காது என்று காட்டும் அறிக்கையை எழுதுகிறவர் தன் கூலியைத் தானே இழக்கிறார். 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷே இந்த ஏற்பாட்டைக் கேலிக்கூத்து என்ற பொருளில் வெளிப்படையாகக் குறை சொன்னார். அதே ஆண்டு லஃபார்ஜ் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், அமைச்சகம் வகுக்கும் ஆய்வு வரையறையின்படி (எதை, எப்படி ஆராய வேண்டும் என்ற நிபந்தனைப் பட்டியலின்படி), அமைச்சகம் அமைக்கும் பட்டியலில் உள்ள நிறுவனங்களிடமிருந்து மட்டுமே அறிக்கை பெற வேண்டும் என்று வழிகாட்டியது. பட்டியல் வந்தது. பணம் போகும் வழி மட்டும் மாறவில்லை.

இனி அறிக்கைக்குள் போவோம். காற்றிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதில்தான் எண்கள் அதிகம், சரிபார்ப்பது குறைவு.

மழையில்லாத ஒரு பருவத்தில் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம் காற்று மாதிரி எடுக்க வேண்டும். ஓர் இடத்துக்கு 24 மாதிரி. எட்டு இடம் என்றால் 192. வாரத்துக்கு 16 கருவி-நாள் வேலை இது. ஒரு கருவியைக் கழற்றி, ஏற்றி, அடுத்த ஊரில் பொருத்தி ஓட்டினால் வாரத்துக்கு ஆறு நாளைத் தாண்டுவது கடினம். ஆக குறைந்தது மூன்று கருவித் தொகுப்பு வேண்டும். எட்டு இடத்துக்கும் ஒரே தேதி போட்டிருந்தால் எட்டுத் தொகுப்பு வேண்டும். அந்த ஆய்வகத்திடம் அத்தனை கருவி இருக்கிறதா, அதே மூன்று மாதத்தில் வேறு மாவட்டத்து அறிக்கைகளுக்கும் அதே ஆய்வகம் மாதிரி எடுத்ததாகக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கோப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இன்னொன்று, கருவி மின்சாரத்தில் ஓடுவது. கிராமத்தில் மூன்று மாதம் ஒரு நாள்கூட மின்தடை இல்லாமல், 192 கட்டங்களும் நிரம்பி வரும் அட்டவணையைச் சந்தேகப்பட வேண்டும். உண்மையான களப்பணியில் ஓட்டை விழும்.

பிஎம் 2.5 என்ற நுண்துகளை அளக்கும் கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு நாளைக்கு 24 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் தூசி இருந்தால் வடிதாளில் படிவது 720 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதை நம்பகமாக நிறுக்க, மைக்ரோகிராம் அளவுக்கு எடை காட்டும் தராசும், ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையும் வேண்டும். வடிதாளை அந்த அறையில் பதப்படுத்தி, மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். தராசு இல்லாத ஆய்வகம் பிஎம் 2.5 அட்டவணை தந்தால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? சற்றுப் பெரிய துகள்களையும் சேர்த்து அளக்கும் பிஎம் 10 எண்ணை ஒரே விகிதத்தால் பெருக்கினால் வரும் எண்களாக அவை இருக்கும். இரண்டு வரிசையையும் ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். எல்லா ஊரிலும் எல்லா நாளும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்றால் அது அளந்தது அல்ல.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், முடிவு இந்த எண்ணில்தான் தொங்குகிறது. ஏற்கெனவே உள்ள தூசியோடு குவாரியால் கூடும் தூசியைக் கூட்டி, பிஎம் 10க்கான 24 மணி நேர வரம்பான கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வருகிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளபடி 85 இருக்கும் ஊரில் குவாரி 18 கூட்டினால் 103, வரம்பு மீறல். அதே ஊரை 52 என்று எழுதினால் 70, ‘வரம்புக்குள்’. கூடும் அளவைக் கணக்கிடும் மென்பொருளில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. தொடக்க எண்ணைக் குறைத்தால் போதும். பொய் எண்கூட வேண்டாம். கருவியைக் காற்று வரும் பக்கத்தில், மரத்தோப்புக்குப் பின்னால் இருக்கும் மாடியில் வைத்தாலும் அதே பலன். பருவமும் அப்படித்தான். மாசி முதல் சித்திரை வரை அளந்த அறிக்கைக்கு ஆடிக்காற்று தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும் கோவை, திருப்பூர், கரூர்ப் பகுதியில் தூசி உண்மையில் எந்த ஊர் மேல் விழும் என்பதை ஆடியை ஒட்டிய மாதங்களில்தான் பார்க்க முடியும். மூன்று மாதச் சராசரியை 24 மணி நேர வரம்பான 100உடன் மட்டும் ஒப்பிட்டு, ஆண்டு வரம்பான 60ஐப் பேசாமல் விடுவதும் நடக்கிறது.

அடுத்தது தூரம். பணமும் அதிகாரமும் உண்மையை எப்படி வளைக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. வெடியின் நில அதிர்வைக் கணக்கிட அறிக்கைகள் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன: தூரத்தை, ஒரு டிலேயில் (நொடியின் சிறு பகுதி இடைவெளி விட்டு அடுத்தடுத்து வெடிக்கும் சுற்றுகளில் ஒன்றில்) வெடிக்கும் மருந்து எடையின் வர்க்கமூலத்தால் வகுத்து, அதை மைனஸ் 1.6 அடுக்குக்கு உயர்த்தி, 500 என்ற மாறிலியால் பெருக்குவது. டிலேக்கு 100 கிலோ மருந்து என்றால் 150 மீட்டரில் உள்ள வீட்டுக்கு நொடிக்கு 6.6 மில்லிமீட்டர் அதிர்வு வரும். 300 மீட்டர் என்றால் 2.2. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில் சாதாரணக் குடியிருப்புக்கு வரம்பு 5. ஆக வீட்டின் தூரத்தை இரட்டிப்பாக எழுதினால் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகி, மீறல் மறைந்துவிடும். 500, 1.6 என்ற எண்களே அந்தப் பாறைக்கு உரியவையா என்ற கேள்வி வேறு இருக்கிறது. அவற்றை அந்தந்த இடத்தில் சோதனை வெடி வைத்து, பல தூரங்களில் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாவட்டத்து அறிக்கைக்கும் மற்ற மாவட்டத்து அறிக்கைக்கும் அதே இரண்டு எண்கள் வந்தால் யாரும் அளக்கவில்லை என்று பொருள்.

வீட்டின் தூரம் எப்படித் தவறாகிறது? தமிழ்நாடு சிறுகனிம விதிகளின் 36ஆம் விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறது. ‘குடியிருப்பு’ என்பதற்கு அந்த விதி தரும் விளக்கம், வருவாய் ஆவணத்தில் உள்ள நத்தம், மனை, அல்லது உரிய அமைப்பு அங்கீகரித்த மனைப்பிரிவு. பட்டா கிடைக்காமல் புறம்போக்கில் முப்பது ஆண்டு குடியிருக்கும் குடும்பமும், தோட்டத்துச் சாளையில் வாழும் குடும்பமும் இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கலாம். வி.ஏ.ஓ. சான்றில் ‘300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை’ என்று எழுதுவது ஆவணப்படி சரியாகக்கூட இருக்கலாம். அந்தச் சான்று அறிக்கைக்குள் போனதும் ‘மனிதர்கள் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தலித் குடியிருப்புகளும், நிலம் இல்லாதவர்களின் குடிசைகளும்தான் பெரும்பாலும் கரட்டுப் பக்கம் இருக்கின்றன. பட்டா இல்லாதவர்களுக்கு அதிர்வு இல்லை, தூசி இல்லை என்று காகிதம் சொல்கிறது. இதை நாங்கள் அநீதி என்றே சொல்கிறோம். செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரிகிறது. கூரையை எண்ணுங்கள்.

தண்ணீரில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குவாரி 40 மீட்டர் ஆழம் போகும், நிலத்தடி நீர் 60 மீட்டரில் இருக்கிறது, எனவே பாதிப்பில்லை என்ற வகை வாக்கியம் வழக்கமானது. அந்த 60 பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்த எண். பக்கத்து வயலின் திறந்த கிணற்றில் 10 மீட்டரில் நிற்கும் நீர் அட்டவணையில் இருக்காது. கடும்பாறைப் பகுதியில் மேல் அடுக்கின் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் ஊறும் நீரைத்தான் திறந்த கிணறு நம்பியிருக்கிறது. குவாரிக் குழி முதலில் வெட்டுவது அந்த அடுக்கைத்தான். குழியில் ஊறும் நீரை வெளியே இறைத்தால் சுற்றுக் கிணறுகள் இறங்கும்.

உயிரினப் பட்டியலைச் சோதிக்க எளிய வழி மயில். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெறும் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. தமிழ்நாட்டுக் கரட்டுப் பகுதிகளில் மயில் அகவாத ஊர் அரிது. ‘முதல் அட்டவணை உயிரினம் எதுவும் இல்லை’ என்று எழுதிய அறிக்கையைத் தயாரித்தவர் விடியற்காலையில் அங்கே நிற்கவில்லை. பட்டியலை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதன் உச்சம் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் நடந்தது. அங்கே ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துப் போட்டிருந்தார்கள், குளிர்நாட்டு மரங்கள் உட்பட. அதற்கு முன்பே 2000இல் கர்நாடகத்தின் தண்டேலி அணைத் திட்ட அறிக்கை வேறொரு திட்டத்தின் அறிக்கையிலிருந்து பெருமளவு நகலெடுத்தது என்று அம்பலமானது. இந்த நகல்களை வெளிக்கொண்டு வந்தவர்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து படித்த தன்னார்வலர்கள்.

பரப்பளவிலும் ஒரு வேலை நடக்கிறது. 5 ஹெக்டேருக்குள் அடங்கும் தனிக் குவாரிக்கு விரிவான அறிக்கையும் கருத்துக் கேட்பும் தேவைப்படாமல் போகலாம். ஆகவே ஒரே கரட்டை 4.9, 4.5 என்று துண்டு போட்டு, உறவினர் பெயர்களில் விண்ணப்பிப்பது உண்டு. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் தொகுப்பாகக் கருத வேண்டும் என்பது இதற்காகத்தான் வந்தது. ஆனால் மூன்று ஆண்டுக்கு மேல் இயங்காத குவாரி அந்தக் கூட்டலில் வராது. குழி அப்படியே கிடக்கிறது, அதில் தண்ணீர் தேங்கிக் குழந்தைகள் விழுகிறார்கள், கணக்கில் மட்டும் அது இல்லை. கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் 500 மீட்டர் சான்றை வரைபடத்தோடு ஒட்டிப் பார்க்காமல் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது கருத்துக் கேட்புக் கூட்டம். 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம், ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் தலைமை, முழு ஒளிப்பதிவு, கூட்டத்தின் சாரத்தை இறுதியில் மக்கள் மொழியில் வாசித்துக் காட்டி அன்றே கையெழுத்து. இத்தனையும் அறிவிக்கையில் இருக்கிறது. ஆனால் மக்கள் மொழியில் தர வேண்டும் என்று அது சொல்வது அறிக்கையின் சுருக்கத்தை மட்டும்தான். தூசி அட்டவணையும் அதிர்வுக் கணக்கும் கிணற்று ஆழமும் ஆங்கிலத்தில் உள்ள முழு அறிக்கைக்குள் இருக்கின்றன. மேலே சொன்ன தவறு எதையும் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. 2020இல் புதிய வரைவு அறிவிக்கையே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தன் ஊரைப் பற்றி எழுதியதைத் தன் மொழியில் படிக்க முடியாதவரிடம் ‘ஆதாரம் இருக்கிறதா’ என்று கேட்பது நியாயமாகாது.

கூட்டத்தில் பேசியது பதிவேட்டுக்குள் போகும்போது இன்னொரு முறை மெலிகிறது. ‘ஏற்கெனவே இருக்கும் குவாரியின் வெடியில் பள்ளிக்கூடச் சுவர் பிளந்தது’ என்று ஒருவர் சொன்னது ‘பள்ளிக்கு உதவி கோரினார்’ என்று சுருங்கும். எதிரே உரிமையாளரின் பதில்: ‘சமூகப் பொறுப்பு நிதியில் செய்து தரப்படும்.’ சுவர் ஏன் பிளந்தது என்ற கேள்வி அங்கேயே காணாமல் போகிறது. ஒளிப்பதிவைப் பார்த்தால் அது இருக்கும்.

அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குள் தூசியை மறுபடி அளந்து காட்ட வேண்டுமென்றால் 12 வாரம் வேண்டும். காசு திரட்டி ஆய்வகம் பிடிப்பதற்குள் காலக்கெடு போய்விடும். இந்தக் கணக்கினால்தான், ஒரு பொய் எண் உங்கள் குழுவைத் தாண்டிவிட்டால் பிறகு அதை அசைப்பது ஏறக்குறைய இயலாததாகிறது.

உங்கள் மேலும் அழுத்தம் இருக்கிறது என்பதை அறிவோம். 2022 ஜனவரியில் மத்திய அமைச்சகம் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை அறிவித்து, 80 நாளுக்குள் அனுமதி தந்தால் அதிக மதிப்பெண் என்றது. அதில் வேகமாக அனுமதிப்பதற்கு மதிப்பெண் இருந்தது, தவறான அறிக்கையைப் பிடிப்பதற்கு இருக்கவில்லை. இருந்தாலும் அறிவிக்கையின் 8(vi) பத்தி உங்களிடம் இருக்கிறது: தெரிந்தே மறைத்தாலோ பொய்த் தரவு தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், தந்த அனுமதியையும் ரத்து செய்யலாம். 2019 மார்ச்சில் கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் விண்ணப்பத்தில் தகவல் மறைக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டு அனுமதியை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு அது நீங்கியது. ஆனாலும் மறைத்தல் சிறு பிழை அல்ல என்பது பதிவாகியிருக்கிறது.

காசு போகும் பாதையை மாற்ற மத்திய அறிவிக்கை திருத்தப்பட வேண்டும். உரிமையாளர் கட்டணத்தை ஆணையத்தின் பொதுக் கணக்கில் கட்ட, அங்கீகாரப் பட்டியலிலிருந்து குலுக்கலில் நிறுவனம் ஒதுக்கப்பட, அனுமதி கிடைத்தாலும் மறுத்தாலும் முழுக் கூலி சேர வேண்டும். இதை எழுத்தில் பரிந்துரையுங்கள். மீதியை ஆய்வு வரையறை வழியாக நீங்களே செய்யலாம். மாதிரி எடுக்கும் தேதிகளையும் இடங்களையும் ஏழு நாள் முன்னதாக ஊராட்சிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் தரச் சொல்லுங்கள். வடிதாள் எண், தொடக்க–முடிவு எடை, காற்றோட்ட அளவு, மணிக்கணக்கு மீட்டர் உள்ள களத்தாளில் ஊராட்சிச் சாட்சி ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். அந்தத் தாள்கள் ஸ்கேன் செய்த படமாக இல்லாமல், கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய கோப்பாக, அனுமதி விண்ணப்பங்களுக்கான அரசின் பரிவேஷ் தளத்தில் ஏறட்டும். 500 மீட்டருக்குள் உள்ள எல்லாக் கூரையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண்ணோடும் தூரத்தோடும் வரட்டும். ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள திறந்த கிணறுகளின் நீர்மட்டம் மே, ஜனவரி இரண்டு முறை அளந்து, சர்வே எண்ணோடு வேண்டும். முழு அறிக்கையும் தமிழில், கூட்டத்துக்கு 30 நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கூட்ட ஒளிப்பதிவு வெட்டாமல் பொதுவில் ஏற வேண்டும்.

உங்கள் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் அதை ஏன் ஏற்றீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கடமை குழுவுக்கு உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே உத்கர்ஷ் மண்டல் வழக்கில் சொல்லிவிட்டது. ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் காரணமாகாது.

காசு போகும் பாதையைத் தவிர மற்ற எதற்கும் அறிவிக்கைத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் நீங்கள் வழங்கப்போகும் ஆய்வு வரையறைகளிலேயே இந்த நிபந்தனைகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு முன், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் கோப்புகளில் ஒரே ஆய்வகம் ஒரே பருவத்தில் எத்தனை ஊர்களில் மாதிரி எடுத்ததாகக் காட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, அதைப் பொதுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்துச் சரிபார்க்கும் பணியில் உள்ளவர்கள்